சிலுப்பாத ஆடு

மாசமாக இருக்கிறவளின் புருஷன் உயிரைக் கொல்லக் கூடாது. பாம்பை அடிக்கக் கூடாது, கோழி அறுக்கக் கூடாது, பல்லியைக்கூட விளக்குமாற்றால் மெதுவாகத் தள்ளித்தான் விட வேண்டும். மீறினால் அது பிள்ளைமேல் வந்து நிற்கும். யோகேஸ்வரிக்கு இதில் கடுகளவும் சந்தேகம் கிடையாது. அவள் பிறந்த எஸ்டேட் லயத்தில் ஒருவன், மனைவி மாசமாக இருந்தபோது பாம்பை அடித்தான். பிறந்த பிள்ளை நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுத்ததாம். அந்தப் பிள்ளை இன்றைக்கு சிங்கப்பூரில் ஏதோ வங்கியில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாக்கு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் யோகேஸ்வரியின் மனசுக்குள் அது இன்னமும் நாக்கை நீட்டிக்கொண்டே இருந்தது.

இப்போது அவள் மாசமாக இருந்தாள். அவள் புருஷன் வசந்தனோ கறிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பல வருஷமாக விடியுமுன் மோட்டார் சைக்கிளில் ஜொகூர்ப் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய், கிடங்கில் பெட்டி அடுக்கி, இருட்டிய பிறகு திரும்பியவன். ஒரு மழை நாளில் பாலத்தில் சறுக்கி விழுந்து முட்டி போயிற்று. நொண்டுகிறவனைக் கிடங்குக்காரன் வைத்துக்கொள்ளவில்லை. யோகேஸ்வரியின் அண்ணன் ஜெயபாலன் ஸ்கூடாயில் கறிக்கடை வைத்திருந்தான். "நம்ம கடை இருக்குல்ல, என்னா கவல மாப்ள?" என்று கூப்பிட்டுக்கொண்டான். வசந்தன் ஏப்ரன் கட்டிய மறுவாரம் யோகேஸ்வரிக்குத் தலை சுற்றியது.

ஒரு கறிக்கடைக்காரனின் மனைவி இந்த விதியோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? யோகேஸ்வரி யோசித்துச் சட்டம் வகுத்தாள்.

"செத்தத வெட்டுறது வேற, உசிரோட இருக்கறதக் கொல்றது வேற. நீங்க வெட்டுறது செத்தது. அது காய்கறி மாதிரி."

"அப்ப ஒண்ணும் பயமில்ல?"

"தலையத் தொடாதீங்க. அதுக்குக் கண்ணு தொறந்திருக்கும்."

அன்று முதல் ஆட்டுத் தலையை வசந்தன் தொடுவதில்லை. தலைக்கறி கேட்டு யாராவது வந்தால், "மச்சான், ஒங்க கஸ்டமர்" என்று நகர்ந்துகொள்வான். மாப்பிள்ளைக்கு இவ்வளவு மரியாதை தெரிந்திருக்கிறதே என்று ஜெயபாலன் பூரித்துப்போனான்.

வீட்டில் இன்னொரு சட்டமும் இருந்தது. மூன்று மாசம் முடியும்வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, முக்கியமாக அண்ணனிடம். இதற்கு முன் இரண்டு தடவை தங்கி, நிற்காமல் போயிருந்தது. இரண்டு தடவையும் செய்தியை உலகத்துக்கு அறிவித்தவன் ஜெயபாலன். 'மாமா ஆகப்போறேன்' என்று குடும்ப வாட்சாப்பில் எழுதி, கடைப் பலகைக்கு முன்னால் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக்கொண்டு நிற்கும் தன் படத்தையும் சேர்த்திருந்தான். வாழ்த்துச் சொன்னவர்களே பிறகு துக்கம் விசாரிக்க வந்தார்கள். இரண்டாவது தடவை யோகேஸ்வரி அறைக் கதவைத் திறக்கவே இல்லை. டாக்டர் ஏதோ காரணம் சொன்னார். அது ஆங்கிலத்தில் இருந்தது. கண் பட்டுவிட்டது என்பது தமிழில் இருந்தது. அவள் அதைத்தான் எடுத்துக்கொண்டாள்.

ஜெயபாலன் கடையில் 'உள்ளூர் ஆடு மட்டும்' என்று சிவப்பு எழுத்தில் பலகை தொங்கும். அதன் பின்னால் இருக்கிற குளிர் அறையில் ஆஸ்திரேலிய ஆடுகள் கல்லாக உறைந்து கிடக்கும். கேட்டால் ஜெயபாலன் கூசாமல் சொல்வான்: "பொறந்தது அங்க. ஐஸ் கரைஞ்சது இங்க. அப்ப எந்த ஊரு ஆடு லா?" மெஷினில் அறுக்க அந்த உறைந்த ஆடு. கட்டையில் வெட்ட, தெப்ராவுக்கு அந்தப் பக்கம் பண்ணை வைத்திருக்கிற அபூபக்கர் அறுத்துக் கொடுக்கிற ஆடு. தினமும் காலையில் வசந்தன் வேனை எடுத்துக்கொண்டு போய், தோலுரித்துத் தொங்குகிறதை ஏற்றி வருவான்.

முதல் வாரம் அவன் வெட்டிய கறி ஊரில் பேசப்பட்டது. கத்தியை ஓங்கிப் போட்டால் எலும்பு உடையும் என்று நினைத்தான்; அது நொறுங்கியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் சின்ன பிளாஸ்டிக் பையை நீட்டி, "இது என் ஹஸ்பண்ட் தொண்டையிலருந்து எடுத்தது, தம்பி" என்றார். உள்ளே ஊசிபோல ஒரு எலும்புச் சில். பையை அவர் திரும்ப வாங்கிக்கொண்டதுதான் வசந்தனைக் கலக்கியது. யாருக்கெல்லாம் காட்டப்போகிறாரோ.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கை படிந்தது. சப்பையில் மூட்டு எங்கே இருக்கிறது என்று கட்டைவிரல் தேடக் கற்றது. விலாவைக் கத்தியின் கனத்துக்கே விட்டால் போதும் என்று தோள் புரிந்துகொண்டது. சுவரொட்டி என்கிற மண்ணீரலை ஈரலோடு ஒட்டாமல் எடுக்கவும், குடலை அலசும்போது மூச்சை வாயால் விடவும் பழகினான். மனிதர்களைத்தான் பழக முடியவில்லை.

"தொடையில போடுங்க. எலும்பு வேணாம்."

"சரிம்மா."

"கொழுப்பு சுத்தமா எடுத்துருங்க."

"சரிம்மா."

"அதுக்குன்னு எல்லாத்தயும் எடுத்துட்டா ருசி எங்கருந்து வரும்? என்னாப்பா புதுசா நீ?"

வேலை முடிந்ததும் கொல்லைக் குழாயடியில் எலுமிச்சம் பழம் தேய்த்துக் குளித்து, துணியை வெளியிலேயே ஊறவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவான். தெப்ராவ் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் முடிந்து வந்திருக்கும் யோகேஸ்வரி, வாசலிலேயே அவன் கையை வாங்கி மோந்து பார்ப்பாள். வாடை இருந்தால் மறுபடி குழாயடி. இல்லாவிட்டால் ரசமும் சோறும். அந்த வீட்டில் கறி சமைத்து நாளாகியிருந்தது. இப்படியே மூன்று மாசம் ஓட்டிவிடலாம் என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தபோதுதான் ஜெயபாலன் குளிர் அறையில் கொழுப்பை மிதித்து வழுக்கி விழுந்தான்.

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆடி மாசம். முனியாண்டி கோயில் திருவிழா நெருங்கிவிட்டது.

எஸ்டேட் போய் தாமான் என்று வரிசை வீடுகள் வந்த பிறகும் முனியாண்டி மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை. பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால், ஒரு பக்கம் அடுக்குமாடி, மறு பக்கம் பெரிய கால்வாய் என்று நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார். வருஷத்துக்கு ஒரு கிடா அவருக்கு. அதை ஒரே வெட்டில் வெட்டுகிறவன் ஜெயபாலன். அதில் கிடைக்கிற பேரில்தான் தீபாவளி வரைக்கும் கடை ஓடும். 'முனியாண்டி கிடா வெட்டுகிறவர் கடை' என்று கேட்டுத்தான் பாதிப்பேர் வருவார்கள்.

கோயில் தலைவர் டத்தோ கமலநாதன் நேரிலேயே கடைக்கு வந்தார். டத்தோ பட்டம் எந்த ஊர் சுல்தான் கொடுத்தது என்று அவரை யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் நீளமாக வரும் என்ற பயம். ரத்தம் ஒட்டிவிடுமோ என்று வெள்ளைச் சப்பாத்தோடு வாசலிலேயே நின்று, கடைக்குள் இருந்த இரண்டு பேரைப் பெரிய கூட்டமாகப் பாவித்துப் பேசினார்.

"இந்த வருஷம் நம்ம திருவிழா வேற லெவல்ல நடக்கப் போவுது. ஃபேஸ்புக் லைவ் ஏற்பாடு பண்ணியிருக்கேன். ஒரே வெட்டுதான். ரெண்டாவது வெட்டு விழுந்தா சமுதாயத்துக்கே அசிங்கம்."

சமுதாயம் என்று சொல்லும்போது டத்தோ தன் நெஞ்சைத் தொட்டுக்கொள்வது வழக்கம்.

ஜெயபாலன் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினான். டத்தோ முகம் சுருங்குவதற்குள் அவனே சொன்னான்: "கவலப்படாதீங்க டத்தோ. நம்ம மாப்ள இருக்காரு. கையப் பாருங்க, சிங்கப்பூர்ல பொட்டி தூக்குன கை. ஒரே போடு."

கட்டையில் விலாவைப் பிரித்துக்கொண்டிருந்த வசந்தனின் கத்தி நடுவிலேயே நின்றது.

"மச்சான், எனக்குப் பழக்கமில்ல."

"எனக்கு மட்டும் அம்மா வயித்துக்குள்ளயே பழக்கமா? மொத தடவ எல்லாருக்கும் மொத தடவதான்."

"வேற யாராச்சும்..."

"வேற யாராச்சும் வெட்டுனா வேற யாராச்சும் கடைக்குத்தான் ஆளு போவும்" என்றான் ஜெயபாலன். குரலில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை. "கோயில் போனா கடை போச்சு. கடை போனா நாம ரெண்டு பேரும் எங்க போறது? நீயும் நொண்டி, நானும் மொடம்."

மறுநாள் காலை பண்ணையில், அபூபக்கர் கத்தியைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தபோது வசந்தன் மெதுவாக ஆரம்பித்தான்.

"பாய், எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன். அவன் சம்சாரம் மாசமா இருக்கு. அவன் ஆடு வெட்ட வேண்டியிருக்கு. ஒங்கள்ல அதுக்கு ஏதாச்சும் இருக்கா?"

"எங்கள்ல அப்டி ஒண்ணும் இல்ல. எம் பொஞ்சாதி நிஷா நாலு புள்ள பெத்தா. நாலுக்கும் நான் அறுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எல்லாம் யான மாதிரி இருக்குதுங்க."

வசந்தனுக்கு நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது.

"ஆனா ஒண்ணு" என்றார் அபூபக்கர், விரலால் கத்தி முனையைப் பார்த்தபடி. "அந்த மாசமெல்லாம் எங்க மாமியா என்ன நேரா வீட்டுக்குள்ள விடாது. வாசல்ல நிறுத்தி ஓதி ஊதுனாத்தான் உள்ள போவேன். எதுக்குன்னு கேட்டா சும்மா ஒரு இதுக்குன்னு சொல்லும்."

வந்த காற்று போய்விட்டது.

"யாரு அந்தப் பையன்?"

"ஒங்களுக்குத் தெரியாது பாய்."

"எனக்குத் தெரியாத பையனுக்கு ஒனக்கு ஏன் இப்டி வேர்க்குது?"

வசந்தன் வேன் கதவைச் சாத்தினான்.

அன்று சாயங்காலம் யோகேஸ்வரி அவன் கையை மோந்து பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"என்னாச்சு?"

சொன்னான். அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், காம்பையும் இலையையும் ஒன்றாகவே போட்டுக்கொண்டு போனாள்.

"காய்ச்சல்னு சொல்லிடுங்க."

"அண்ணன் வந்து நெத்தியத் தொட்டுப் பாக்கும்."

"முட்டி வலின்னு சொல்லுங்க."

"முட்டியாலயா வெட்டுறேன்? யோகேஸ், பேசாம அண்ணன்கிட்ட விசயத்தச் சொல்லிட்டா என்ன? சந்தோசப்படும். அதுவே வேற ஆளப் பாக்கும்."

"சந்தோசப்படும். பட்டு? போனத் தூக்கும். படம் புடிக்கும்." அவள் ஒரு காம்பை ஒடித்தாள். "ரெண்டு தடவ சந்தோசப்பட்டாங்கல்ல எல்லாரும்? போதும்."

சொல்லாமல் வெட்டினால் பிள்ளைக்கு ஆகாது. வெட்டாமல் சொன்னாலும் பிள்ளைக்கு ஆகாது. இரண்டு பயத்தையும் இரண்டு பக்கமும் வைத்து அவள் எடை போட்டுப் பார்த்தாள். தட்டு எந்தப் பக்கமும் சாயவில்லை.

"சம்மதம் கேப்பாங்கல்ல?" என்றாள் திடீரென்று.

"என்ன சம்மதம்?"

"ஆட்டுமேல தண்ணி ஊத்துவாங்கல்ல. அது ஒடம்பச் சிலுப்புனாத்தான சாமி ஏத்துக்கிட்டதா அர்த்தம்? சிலுப்பலன்னா வெட்டக் கூடாதுல்ல?"

"தண்ணி ஊத்துனா எந்த ஆடுதான் சிலுப்பாது?"

"சிலுப்பக் கூடாதுன்னு நான் வேண்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கீரையில் கலந்துவிட்ட காம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

திருவிழாவன்று கால்வாய் ஓரம் முழுக்கக் கார். வேலிக் கம்பியில் டத்தோவின் படம் போட்ட பெரிய பேனர். அதில் முனியாண்டி ஒரு மூலையில், அழைப்பில்லாமல் வந்தவர்போல நின்றிருந்தார். படையலில் சுருட்டும் கறுப்பு பீர் பாட்டிலும். பூசாரி வீரமுத்து வாரம் முழுக்க அடுக்குமாடியில் காவல்காரர்; அன்று மட்டும் சிவப்பு வேட்டி. காவல்காரராக இருக்கும்போது டத்தோவின் காருக்கு சல்யூட் அடித்துத் தடுப்பைத் தூக்கிவிடுகிறவர், வேட்டி கட்டியதும் டத்தோவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

கிடா கன்னங்கரேலென்று இருந்தது. அபூபக்கர் பண்ணையில் பிறந்து வளர்ந்தது. ஜெயபாலன் கடைப் பலகையில் இருந்த 'உள்ளூர் ஆடு' என்ற எழுத்து இதற்குப் பொய்யில்லாமல் பொருந்தும். கழுத்தில் அரளி மாலை, வேப்பிலைக் கொத்து. அது மாலையிலிருந்த வேப்பிலையைத் தானே எட்டிக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது.

வசந்தன் கையில் வீச்சரிவாள். கறிக்கத்தி இல்லை இது. நீளம் வேறு, கனம் வேறு. உள்ளங்கை வியர்வையில் பிடி நழுவியது. இடது கையால் ஆட்டின் முதுகைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்தான். இவ்வளவு நாளும் அவன் தொட்ட ஆடெல்லாம் குளிர்ந்திருந்தது. இது சூடாக இருந்தது. தோலுக்கு அடியில் டக்டக்கென்று ஏதோ அடித்துக்கொண்டது. ஸ்கேன் அறையில், கறுப்புத் திரையில் அவரைக் கொட்டைபோல ஒன்று துடித்ததை யோகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தது ஞாபகம் வந்தது. அவனுக்கு முழங்காலிலிருந்து நடுக்கம் ஏறியது. கூட்டத்தில் எல்லாரும் அதை அருள் என்று நினைத்தார்கள்.

வீரமுத்து மஞ்சள் தண்ணீரை ஆட்டின் தலையிலிருந்து வால் வரை ஊற்றினார்.

"ஐயா! சம்மதமா?"

ஆடு வேப்பிலையை மென்றது.

இன்னொரு செம்பு. ஆடு டத்தோவைப் பார்த்தது. மூன்றாவது செம்புக்குக் காதை மட்டும் ஒரு தரம் ஆட்டியது.

"ஆட்டிருச்சு, ஆட்டிருச்சு!" என்றார் டத்தோ ஒலிவாங்கியில்.

"காது செல்லாது. ஒடம்பு முழுக்க சிலுப்பணும்" என்றார் வீரமுத்து.

காது உடம்பில் சேர்த்தியா இல்லையா என்று நிர்வாகக் குழு அங்கேயே கூடி விவாதித்தது. செயலாளர் சேர்த்தி என்றார். பொருளாளர், போன வருஷம் வாலும் ஆடியது என்றார். வெயில் கொதித்தது. வசந்தன் உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தான்: சிலுப்பாதே, சிலுப்பாதே, என் சாமி, சிலுப்பாதே.

"வீரமுத்து, லைவ் போய்க்கிட்டு இருக்கு. தொட்டுக் கும்புட்டு வெட்டிடச் சொல்லுங்க" என்றார் டத்தோ பல்லைக் கடித்து.

"லைவ் ஒனக்கு, கமலநாதா. சம்மதம் ஐயாவுக்கு." செம்பைக் கீழே வைத்த வீரமுத்து கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "தீட்டு இருக்கு. தீட்டோட வந்து நிக்கிறது யாரு?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாசமா இருக்கறவ வூட்டுக்காரன் அருவா தொட்டாலும் ஐயா ஏத்துக்க மாட்டாரு" என்று சொல்லியபடி வீரமுத்து வசந்தன் பக்கம் திரும்பினார்.

ஆமாம் என்றால், இந்த மொத்தக் கூட்டத்தின் கண்ணும் யோகேஸ்வரியின் வயிற்றில். டத்தோவின் லைவில் இருக்கிறவர்கள் கண்ணும் சேர்த்து. இல்லை என்றால், அருவாளைக் கையில் வைத்துக்கொண்டு, முனியாண்டி முகத்துக்கு நேராகப் பொய்.

"சாமி, எந் தங்கச்சிக்கு அப்டியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றான் ஜெயபாலன் மாவுக்கட்டை ஆட்டி. "இருந்தா மொதல்ல எனக்குத்தான் தெரியும்!"

வசந்தன் தலையைக் குனிந்துகொண்டான். பொய்யைச் சொன்னது மச்சான். விழுங்கியது அவன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "டத்தோ, கிளாங்ல ஒங்க பெரியப்பா மவன் தவறிட்டாருன்னு ஃபேஸ்புக்ல போட்டிருந்தீங்களே. கருமாதி முடிஞ்சிருச்சா?"

டத்தோ போட்டிருந்தார். துக்கச் செய்திதான். அதில் இறந்தவர் படம் தபால்தலை அளவிலும், வருந்துகிற டத்தோவின் படம் அதைவிடப் பல மடங்கு பெரிதாகவும் இருந்ததால் ஊர் முழுக்கப் பார்த்திருந்தது.

"அது... தூரத்துச் சொந்தம்."

"பெரியப்பா மவன் எப்டி டத்தோ தூரமாவும்?"

"கிளாங் தூரந்தான லா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது. வீரமுத்து சிரிக்கவில்லை.

"பங்காளித் தீட்டோட வந்து கருவறை வாசல்ல மைக்கப் புடிச்சிக்கிட்டு நிக்கிற!"

"யோவ், மரியாதயா பேசு! இந்தக் கூரைத் தகரம் யாரு போட்டது?"

"தகரம் போட்டா தீட்டுப் போயிருமா?"

சத்தம் பெரிதாயிற்று. செயலாளர் டத்தோவின் பக்கம், பொருளாளர் பூசாரியின் பக்கம். லைவ் எடுத்துக்கொண்டிருந்த பெண் இன்னும் நெருங்கிப் போனாள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. ஜொகூர் மழை முன்னறிவிப்புக் கொடுத்துப் பழக்கமில்லை. ஒலிபெருக்கி நனைகிறதென்று அத்தனை பேரும் தகரக் கூரைக்குள் முண்டியடித்து ஓடி, அங்கே நின்று விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

வெளியே வசந்தனும் ஆடும் மட்டும் நின்றார்கள்.

ஆடு மெல்லுவதை நிறுத்தியது. தலையைத் தாழ்த்தியது. கழுத்தில் தொடங்கி, முதுகு, விலா, தொடை, வால் என்று உடம்பு முழுக்க ஒரே சிலுப்பு. மஞ்சளும் மழையும் கலந்த தண்ணீர் அவன் முகத்திலும் அருவாளிலும் தெறித்தது. முடிந்ததும் அது நிமிர்ந்து, முடித்துவிட்டேன், இனி உன் வேலை என்பதுபோல அவனைப் பார்த்தது.

அவன் கூரைப் பக்கம் பார்த்தான். ஒரு கண்கூட இந்தப் பக்கம் இல்லை. அருவாளை மெதுவாகத் தரையில் வைத்தான். மறுபடி சிலுப்பிவிடாதபடி சட்டையைக் கழற்றி ஆட்டின்மேல் போட்டான். குளிருதே என்று செய்ததாக யாராவது நினைத்துக்கொள்ளட்டும்.

மழை ஓய்ந்த பிறகு வீரமுத்து தீர்ப்புச் சொன்னார். டத்தோ அதற்குள் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஆடு இனி ஐயாவோடது. அருவா எவன் கையில இருந்துச்சோ அவன் வூட்டுல நிக்கட்டும். என்னைக்குச் சிலுப்புதோ அன்னைக்கே இங்க கொண்டாந்து வெட்டிடணும்." அவர் குரல் தாழ்ந்தது. "பாத்துட்டு மறைக்கக் கூடாது. மறைச்சா, ஐயா அந்த வூட்டுல வேற ஒரு உசுரக் கேட்டு வாங்கிக்குவாரு."

வேனில் திரும்பும்போது ஜெயபாலன் வாய் ஓயவில்லை. "அலமாக், டத்தோ மூஞ்சியப் பாத்தியா மாப்ள? அதுவும் நல்லதுக்குத்தான். முனியாண்டி கெடா யாரு வூட்டுல இருக்கு? நம்ம வூட்டுல. கடைக்கு இதவிட விளம்பரம் வேணுமா?" பின்னால் ஆடு நின்றுகொண்டிருந்தது. வசந்தன் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

வாசலில் நின்ற யோகேஸ்வரி ஆட்டைப் பார்த்தாள், பிறகு அவன் கையைப் பார்த்தாள்.

"சிலுப்பலயா?"

"இல்ல." அவன் முட்டியைத் தடவிக்கொண்டான்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். பல நாளுக்குப் பிறகு அன்று வயிறு நிறையச் சாப்பிட்டாள். வசந்தன் தட்டில் சோறு உலர்ந்தது. வீரமுத்து கடைசியாகச் சொன்னதை அவளிடம் அவன் சொல்லவில்லை. பிறகு தனியாக உட்கார்ந்து டத்தோவின் லைவை ஓடவிட்டான். திரும்பத் திரும்ப ஓடவிட்டான். மழை வந்த இடத்திலிருந்து திரை முழுக்க டத்தோவின் வயிறுதான். ஆடு நின்ற திசை அந்த வயிற்றுக்குப் பின்னால் போயிருந்தது. டத்தோவால் தனக்கு ஏற்பட்ட ஒரே நன்மை என்று நினைத்தவன், சிரிக்கப்போய்ப் பாதியில் நிறுத்தினான். லைவில் விழாதது முனியாண்டி கண்ணில் விழாமல் போகுமா?

ஆடு கார் நிறுத்தும் இடத்தில் கட்டிக் கிடந்தது. ஜெயபாலன் சொன்னதுபோல் கடைக்குக் கூட்டம் கூடியது. வசந்தன் வெட்டினான். கை பழகிவிட்டது, சில் தெறிப்பதில்லை. தலைமையாசிரியைகூட மறுபடி வந்தார். ஆனால் யோகேஸ்வரி லேசாக வயிற்றைப் பிடித்தாலும், கழிப்பறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தாலும் முனியாண்டி வாங்கிக்கொள்ள வந்துவிட்டாரா என்று வாசலைப் பார்ப்பான். அங்கே ஆடு நின்று அசைபோடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கடையில் நல்ல கூட்டம். கூலாய்ப் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காலையில் ஆட்டை வெளிக் கம்பத்தில் கட்டியது, கூரைக்குள் இழுத்து விடாதது, ஆடு நனைந்து சிலுப்பினால் பார்க்க எதிர்வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே உட்கார்ந்திருப்பது எல்லாம் ஒன்றாக அவன் நெஞ்சில் இடித்தது. சப்பையைப் பாதியில் விட்டு, ஏப்ரனோடு மோட்டார் சைக்கிளில் ஏறினான். "மாப்ள, கஸ்டமர் லா!" என்ற குரல் பின்னால் கேட்டது.

அவன் தாமானுக்குள் திரும்பும்போதே தூறல் விழுந்துவிட்டது.

யோகேஸ்வரி ஆட்டைக் கூரைக்குள் இழுத்திருந்தாள். முன்னால் முழங்காலிட்டு, குளிக்கிற துண்டால் அதன் முதுகை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் ரத்தக் கறையோடு வந்து நின்றதைப் பார்த்தும் குழாயடியைக் காட்டவில்லை.

"நீ ஏன் இதையெல்லாம்..."

"பொய் சொல்லும்போது முட்டியத் தடவுவீங்க" என்றாள் தலை நிமிராமல். "அங்கயே சிலுப்பிடுச்சுல்ல?"

அவன் சொல்லவில்லை.

"பூசாரி கடைசியா சொன்னத அண்ணன் வந்து சொல்லிருச்சு. என்னமோ சிரிப்புக் கத மாதிரி சொல்லுது." அவள் துண்டைப் பிழிந்தாள். "இத்தன நாளா எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா இதத் தொடைச்சிக்கிட்டு இருக்க? வா, இப்பவே கோயிலுக்குப் போயி ஒத்துக்கலாம். நான் வெட்டிடுறேன். வர்றது எம்மேல வரட்டும்."

"ஒங்கமேல வராது. அதுதான சட்டமே." அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "வெட்டுனாலும் கேப்பாரு, வெட்டாட்டியும் கேப்பாரு. கேக்கறப்ப பாத்துக்கலாம். அந்தப் பக்கத்தத் தொடைங்க. தண்ணி நிக்கக் கூடாது."

எதிர்வீட்டில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. யாரோ நாற்காலியை வாசலுக்கு இழுத்தார்கள்.

வசந்தன் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு ஆட்டின் மறுபக்கம் உட்கார்ந்தான். சாரல் உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் காய்ந்தால் மறுபக்கம் நனைந்தது. ஆடு மெல்லுவதை நிறுத்தித் தலையைத் தாழ்த்தியது. அவனுக்கு அந்தத் தலைச்சாய்வு தெரியும். "புடி" என்றான். இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்தும் அதைக் கட்டிப் பிடித்து, கையோடு கை கோத்து, மூச்சை அடக்கினார்கள். கழுத்துக்கு அடியில், அவர்கள் கைகளுக்கு அடியில், தோல் மெல்ல நடுங்கத் தொடங்கியது.